சொல் ஒன்று, பொருள் மூன்று

தேர்வில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதினால் அரை மதிப்பெண் குறையும். கைத்தொழிலில் ஒரு சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும்? இவ்வாண்டு அதை நாங்கள் நேரிலேயே கற்றோம்.

கைவேலைக் கண்காட்சியில் சோப்பும் மெழுகுவர்த்தியும் விற்று, அந்தப் பணத்தை முதியோர் இல்லத்துக்கு அளிக்க முடிவு செய்தோம். எங்களுள் ஒருத்தி, பாட்டியின் பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். அதில் "தேங்காய் எண்ணெய், சோடா, தண்ணீர்" என்று மட்டுமே இருந்தது. தியாகராய நகரில் ஒரு கடையில் "சோடா" கேட்டு வாங்கினோம். ஒரு மணி நேரம் கிண்டியும் எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. நாங்கள் வாங்கியது ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு!

நாங்கள் சிரித்தோம், அறிவியல் ஆசிரியை சிரிக்கவில்லை. "சோப்புக்கு வேண்டிய சோடாவை வாங்கிச் சமையலறையில் வைத்து, வீட்டில் யாராவது அதை ஆப்ப மாவில் போட்டிருந்தால்?" என்று கேட்டார். எங்கள் சிரிப்பு அடங்கியது.

சோடாவில் மூன்று வகை உண்டு என்று பிறகு அறிந்தோம். சமையலுக்கு உதவுவது சோடா உப்பு. இது சோடியம் பைகார்பனேட். துணி வெளுக்க உதவுவது சலவை சோடா. இது சோடியம் கார்பனேட். சோப்பு செய்ய வேண்டியது எரிசோடா. இது சோடியம் ஹைட்ராக்சைடு. பெயரிலேயே 'எரி' என்று எச்சரிக்கை இருக்கிறது. தோலில் பட்டால் புண்ணாக்கும்; கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும். மூன்றும் வெண்மையானவை, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வேறுபாடு காட்டுவது பெயர்ச்சீட்டு ஒன்றே.

எண்ணெயும் எரிசோடாவும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் உண்டாவதே சோப்பாக்குதல். கொழுப்பின் இந்த இயல்பை விளக்கிப் பிரெஞ்சு அறிஞர் ஷெவ்ரல் 1823-இல் நூல் வெளியிட்டார். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 18 கிராம் எரிசோடா தேவை. நல்லெண்ணெய்க்கு 13 கிராமே போதும். எனவே எண்ணெயை மாற்றினால் அளவையும் மாற்ற வேண்டும். எரிசோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. கரண்டியிலிருந்து வழியும் கோடு மேலே அப்படியே நின்றால் அதுவே அச்சில் ஊற்றும் பதம். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் உலரவிட வேண்டும்.

எரிசோடா இல்லாமலும் நுரை வரும் என்பதை மயிலாப்பூர் கச்சேரி சாலையின் நாட்டு மருந்துக் கடையில் அறிந்தோம். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சப்போனின் என்னும் பொருள் உண்டு. சோப்பைக் குறிக்கும் 'சப்போ' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தலைக்குத் தேய்க்கும் அரப்பு, உசிலை மரத்தின் இலைப்பொடி. நலங்கு மாவில் பயத்தம்பருப்பு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர் முதலியவற்றுடன் கஸ்தூரி மஞ்சள் சேரும். இங்கும் 'மஞ்சள்' என்று மட்டும் கேட்டால் சமையல் மஞ்சளே கிடைக்கும்!

மெழுகுவர்த்தியிலும் இதே கதைதான். தேன்மெழுகு தேனீக்கள் தருவது. கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை மெழுகு பெட்ரோலியத்திலிருந்து வருவது. 'வர்த்தி' என்பது திரியைக் குறிக்கும். உருகிய மெழுகு திரி வழியே ஏறி, ஆவியாகி எரிகிறது. மெழுகும் திரியும் சேர்ந்தால்தான் ஒளி என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது அல்லவா?

இலங்கைத் தமிழர் சோப்பைச் சவர்க்காரம் என்பர். அச்சொல்லில் 'காரம்' ஒளிந்திருக்கிறது. மிளகாயின் சுவையும் காரம். அமிலத்துக்கு எதிரான பொருளும் காரம். எந்தக் காரம் என்று கேட்டுத் தெளிவதே அறிவு.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆசிரியையே எரிசோடாவைக் கரைத்தார். நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். சோப்புகள் நன்றாக வந்தன. தோழி தன் பாட்டியிடம் நடந்ததைச் சொன்னாளாம். "எங்கள் காலத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று எழுதாமல் விட்டேன்" என்றாராம் பாட்டி. பிறகு தாமே எழுதுகோல் வாங்கி, 'சோடா' என்பதன் முன் 'எரி' என்று சிவப்பு மையில் சேர்த்துக் கொடுத்தாராம்.

தோழியரே, நாமும் நம் வீட்டு டப்பாக்களில் முழுப் பெயரை எழுதி ஒட்டுவோம். அடுத்துத் திறப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று எண்ணி விட்டுவிட வேண்டாம்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி