‘ஆவரேஜ்’: ஒரு கடற்சொல்லின் வரலாறு

சொற்களுக்கும் ஊர் உண்டு, உறவு உண்டு, நெடும்பயணமும் உண்டு. நாள்தோறும் நம் வகுப்பறைகளில் வழங்கும் ‘ஆவரேஜ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பயணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்விற்குத் தூண்டுகோலாக அமைந்தவர் ஒரு மாணவர். கந்தர்வக்கோட்டையை அடுத்த சிற்றூரிலிருந்து வந்து பயின்ற அவர், மேற்படிப்பிற்காக என்னிடம் நற்சான்று கேட்டார். ‘ஆவரேஜ் மாணவர்’ என்று வழக்கம்போல் எழுதிக் கொடுத்தேன். படித்தவர் தயங்கி நின்றார். “ஐயா, எங்கள் அத்தா முந்திரி வியாபாரம் செய்கிறார்கள். சராசரி விலை என்றால் முழுப்பருப்பும் உடைசலும் கலந்து போட்ட விலை என்பார்கள். அதில் நான் எது ஐயா?” என்றார். விடை கூற இயலவில்லை. அகராதிகளை நாடினேன்.

‘ஆவரேஜ்’ என்பது கணக்கு வகுப்பில் பிறந்த சொல் அன்று. கப்பலில் பிறந்த சொல். கடற்பயணத்தில் சரக்கிற்கு நேரும் சேதத்தையும், அதற்கான செலவையும் இத்தாலியர் ‘அவாரியா’ என்றனர். 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெனோவா நகர வணிகரிடம் இச்சொல் வழங்கியது. பிரெஞ்சில் ‘அவாரி’ ஆகி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் புகுந்து, ‘ஆவரேஜ்’ என உருமாறிற்று. இதன் மூலம் ‘அவார்’ என்னும் அரபுச் சொல்லே என்பது சொற்பிறப்பாய்வாளர் பலரின் கருத்து. ‘அவார்’ என்றால் குறை, பழுது. ஸகாத்தாகப் பெறத்தகாத கால்நடைகளைக் கூறும் நபிமொழியில், குறையுடைய விலங்கைக் குறிக்க இச்சொல்லே ஆளப்படுவதை அரபி கற்ற பெரியோர் அறிவர். நம் இல்லங்களில் வழங்கும் ‘அவ்ரத்’ என்பதும் இதே வேரினின்று கிளைத்ததேயாகும்.

பழுது என்னும் பொருளுடைய சொல், கூட்டி வகுத்த ஈவைக் குறிக்க வந்தது எவ்வாறு? இவ்விடமே ஊன்றி நோக்கத்தக்கது.

புயலில் சிக்கிய கப்பல் மூழ்கும் நிலையில் உள்ளது. பாரத்தைக் குறைத்தாலன்றித் தப்பாது. நகுதா ஒரு வணிகரின் மூட்டைகளைக் கடலில் எறியுமாறு பணிக்கிறார். கப்பல் கரை சேர்கிறது. எறியப்பட்டது ஒருவர் பொருள். பிழைத்ததோ அனைவர் பொருளும். ஆகவே அவ்விழப்பை அனைவரும் தத்தம் பொருளின் மதிப்பிற்கேற்பப் பகிர வேண்டும் என்பது பண்டைக் கடல்நெறி. கி.பி. 533இல் வெளியான ஜஸ்டீனியன் சட்டத் தொகுப்பு, இதனை ரோட்ஸ் தீவினரின் சட்டம் எனச் சுட்டுகிறது. இஸ்லாமியச் சட்ட அறிஞரும் கப்பல் வாடகை பற்றிய நூல்களில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

ஓர் எடுத்துக்காட்டு: கப்பலின் மதிப்பு 4 லட்சம் ரூபாய். மூன்று வணிகரின் சரக்குகள் முறையே 3 லட்சம், 2 லட்சம், 1 லட்சம். ஆக மொத்தம் 10 லட்சம். மூன்றாமவரின் 1 லட்சம் ரூபாய்ச் சரக்கு முழுவதும் எறியப்படுகிறது. இழப்பு பத்தில் ஒரு பங்கு. எனவே கப்பல் உடையவர் 40,000, முதல் வணிகர் 30,000, இரண்டாமவர் 20,000 தருவர். சரக்கை இழந்தவர் 90,000 பெறுவார். எஞ்சிய 10,000 அவரது பங்கு. பொருளை இழந்தவரும் தம் பங்கை ஏற்கிறார் என்பதில்தான் இந்நெறியின் நுட்பம் உள்ளது. அலை தானாக அடித்துச் சென்ற சரக்கிற்கு இப்பங்கீடு இல்லை. அனைவரையும் காக்க வேண்டி, அறிந்தே இழந்ததற்கு மட்டுமே உண்டு. இப்பங்கீட்டுக் கணக்கே 18ஆம் நூற்றாண்டில் கணிதப் பொருளைப் பெற்றது. ‘சுமாரானவர்’ என்னும் பொருள் அதற்கும் பிற்பட்டது.

இந்நெறி வழக்கொழிந்துவிடவில்லை. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ கப்பல் தரைதட்டி ஆறு நாள் வழியடைத்ததை நாமறிவோம். மீட்புச் செலவைப் பகிருமாறு அதன் உரிமையாளர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்தார். ஏறத்தாழ 18,300 பெட்டிகளில் சரக்கு ஏற்றியிருந்தோர், பிணை தந்த பின்னரே தம் பொருளைப் பெற முடிந்தது.

இனி நம் ‘சராசரி’யைப் பார்ப்போம். ‘சராசரம்’ என்னும் வடசொல்லோடு இதனை முடிச்சிடுவோர் உளர், அது பொருந்தாது. பாரசீகத்தின் ‘சராசரி’ உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. ‘ஒரு முனை முதல் மறுமுனை வரை’ என்பது அதன் அடிப்படைப் பொருள். கடலோடிகள் நமக்குத் தந்த சொற்கள் வேறும் உள. ‘சுக்கான்’ அரபுச் சொல். ‘மாலுமி’ என்பது ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு; ஆசிரியர் என்பது அதன் பொருள். கலத்திற்கு வழிகாட்டியவரை ஆசிரியர் என்றழைத்த மரபை எண்ணும்போது, நான் எழுதிய சான்று எனக்கே உறுத்திற்று.

அத்தாளைத் திரும்பப் பெற்றேன். நாட்டுப்புறவியல் களப்பணிக்காக அம்மாணவர், தம் ஊர் முந்திரித் தொழிலாளரிடம் தொழிற்சொற்களைத் தொகுத்திருந்தார். அவற்றுள் பல நான் கேட்டறியாதவை. புதிய சான்றில் அதனையே எழுதினேன்.

கந்தர்வக்கோட்டை கடல் காணாத ஊர். எனினும் நம் மாவட்டத்திற்குக் கோட்டைப்பட்டினம், மணமேல்குடி எனக் கடற்கரை உண்டு. அங்கும், தொண்டி, கீழக்கரை, நாகூரிலும் கப்பல் வணிகம் செய்த குடும்பத்துப் பெரியோர்களிடம் பழைய கணக்கேடுகள் இருத்தல் கூடும். எறிந்த சரக்கைப் பகிர்ந்துகொண்ட கணக்கு, தமிழிலோ அரபுத்தமிழிலோ ஒரு பக்கமேனும் கிடைப்பின், நம் தமிழ்த்துறைக்குக் காட்டி உதவுமாறு வேண்டுகிறேன். படியெடுத்த பின் ஏடு பத்திரமாகத் திருப்பி அளிக்கப்படும்.