கேம் தடுமாறுகிறதா? பிளானை மாற்றும் முன் பிங் பாருங்கள்

இன்டர்நெட் வழியாக கேம் விளையாடும்போது, எதிரியைப் பார்த்துத்தான் சுடுகிறோம். ஆனால் அவன் அங்கே இல்லை. நாம்தான் விழுந்து கிடக்கிறோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தத் தொல்லை வந்தவுடன் செய்வது, மாதம் இருநூறு முன்னூறு கூடுதலாகக் கட்டி வேகமான பிளானுக்கு மாறுவதுதான். மாறிய பின்னும் தடுமாற்றம் அப்படியே இருக்கும்.

காரணம், வேகம் வேறு, தாமதம் வேறு. உப்பு மூட்டைகளை ஏற்றிச் செல்ல லாரி வேண்டும். ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு உடனே பதில் வாங்கி வர மோட்டார் சைக்கிள் போதும். சினிமா டவுன்லோட் செய்வது லாரி வேலை. கேம் அனுப்புவதோ சின்னச் சின்னச் சீட்டுகள். பெரும்பாலான கேம்கள் விளையாடும் நேரத்தில் ஒரு எம்.பி.பி.எஸ். அளவைக்கூட முழுதாகப் பயன்படுத்துவதில்லை. சீட்டு போய்ப் பதில் வர ஆகும் நேரத்தைத்தான் பிங் என்கிறோம். இதை மில்லி செகண்டில், அதாவது ஒரு செகண்டின் ஆயிரத்தில் ஒரு பங்காக அளக்கிறார்கள்.

சென்ற மழைக்காலத்தில், மரக்காணத்தில் உப்பளத்தை நம்பி வாழும் ஒரு குடும்பத்தின் வீட்டிற்குப் போயிருந்தேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகளில் உப்பு எடுக்க முடியாது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கும் வரை வருமானம் குறைவு. அந்த நேரம் பார்த்துப் பையன் பெரிய பிளான் வேண்டும் என்கிறான். அப்பாவும் கடன் வாங்கிக் கட்டத் தயாராகிவிட்டார். "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தேன். அங்கே செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம்.

விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தினால் ரன் கட்டம் வரும். அதில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோ ஒன்று திறக்கும். அதில் ஐபி கான்பிக் என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டினால், டிபால்ட் கேட்வே என்ற வரியில் ஓர் எண் தெரியும். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. இப்போது பிங் என்ற கட்டளையை (பி, ஐ, என், ஜி) டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும், மீண்டும் இடைவெளி விட்டு ஒரு ஹைபன், அதை ஒட்டி என் எழுத்து, பின் இடைவெளி விட்டு 50 என்றும் கொடுங்கள். ஐம்பது சீட்டுகள் போய் வரும். முடிந்ததும் ரவுட்டர் முகவரிக்குப் பதிலாக 8.8.8.8 என்ற கூகுளின் முகவரியைக் கொடுத்து மறுபடி செய்யுங்கள்.

முதல் சோதனை வீட்டிற்குள் நடப்பது. கேபிளில் இணைத்திருந்தால் ஒரு மில்லி செகண்டுக்குள்ளும், வை-பி என்றால் சில மில்லி செகண்டிலும் பதில் வர வேண்டும். லாஸ்ட் என்ற இடத்தில் சைபர் இருக்க வேண்டும். இதிலேயே எண்கள் துள்ளினால் கோளாறு வீட்டுக்குள். எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் அது தீராது. முதலாவது ஒழுங்காக இருந்து இரண்டாவது மட்டும் துள்ளினால், வெளியே வரும் லைனைப் பார்க்க வேண்டும்.

மரக்காணம் வீட்டில் முதல் சோதனையிலேயே பதில்கள் காணாமல் போயின. முன்னறையில் ரவுட்டர், பின்னறையில் கம்ப்யூட்டர். நெட்வொர்க் கேபிள் வெளிச்சுவரை ஒட்டி வந்தது. பிளக்கைக் கழற்றினேன். செப்பு ஊசிகளில் பச்சை பூத்திருந்தது.

மழை நாளில் அடுப்படி ஜாடியில் உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் காற்று கொண்டுவரும் மெல்லிய உப்புத்தூள் பிளக்கின் மீது படிந்து, பகலில் காய்ந்தும் இரவில் நனைந்தும் செம்பை அரிக்கிறது. மலிவான பிளக்கில் தங்கப் பூச்சு மிக மெல்லியது என்பதால் இன்னும் சீக்கிரம். பகலில் நன்றாக ஓடி, இரவிலும் மழையிலும் மட்டும் கேம் தடுமாறினால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

இதற்கு இன்னோர் அடையாளமும் உண்டு. 1000 எம்.பி.பி.எஸ். இணைப்புக்குக் கேபிளில் உள்ள எட்டு கம்பிகளும் தேவை; 100-க்கு நான்கு போதும். விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியில் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். ரவுட்டர், கம்ப்யூட்டர் இரண்டுமே 1000-க்கு உரியவை என்றாலும் 100 என்று காட்டினால், ஏதோ ஒரு கம்பி தொடவில்லை என்று பொருள்.

அரித்த முனையை வெட்டிவிட்டுப் புதிய பிளக் போட்டோம். சில ரூபாய் செலவு. கேபிளையும் வீட்டுக்குள் வழியாக மாற்றினோம். வெளியே இருந்தே ஆக வேண்டிய இணைப்புகளுக்கு மூடிய பிளாஸ்டிக் பெட்டி நல்லது. கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

கேபிள் போட வசதி இல்லை, வை-பி மட்டும்தான் என்றால் 2.4 ஜிகாஹெர்ட்ஸை விட்டு 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். ஆனால் இது சுவரைத் தாண்டினால் பலம் இழக்கும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே விளையாடுவது உத்தமம். ரவுட்டரை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன்!

வீட்டில் யாராவது போட்டோக்களை கூகுளுக்கு அப்லோட் செய்தால் பிங் எகிறும். லாரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் மாட்டிக்கொண்ட கதை. விளையாடும் நேரத்தில் அதை நிறுத்திவைக்கலாம், ரவுட்டரில் கியூ.ஓ.எஸ். வசதி இருந்தால் கேம் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை தரலாம். விண்டோஸ் அப்டேட்டையும் சில நாட்கள் தள்ளிப்போட முடியும்.

பைபர் கண்ணாடியை உப்பு அரிக்காது. ஆனால் அதன் முனையில் தூசியோ ஈரமோ பட்டால் ஒளி குறையும். அதை நீங்கள் துடைக்க வேண்டாம். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவும் கூடாது. பைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள்.

தூரத்தை மட்டும் நாம் ஒன்றும் செய்ய முடியாது. பைபரில் ஒளி செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வந்த ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி செகண்ட் அதற்கே போய்விடும். ஆகவே கேமின் செட்டிங்ஸில் சர்வரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், சிங்கப்பூரை விட்டு இந்திய சர்வரைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக வாலரன்ட் கேமுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இரண்டாவது சோதனை துள்ளினால், காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பிங் எடுத்து, நேரத்தையும் லாஸ்ட் எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஆபரேட்டரிடம் கொடுங்கள். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொல்வதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். லைன்மேன் வரும்போது வீட்டுக்கு வெளியே உள்ள இணைப்புப் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.