விடுதிக் கல்வியும் வேலை வழிகளும்

கடையில் உட்கார மறுக்கும் பிள்ளை, விடுதித் தொழிலும் சாகசப் பயணத்துறையும் படிக்க விரும்பினால், ‘தட்டு எடுக்கவா படிப்பு?’ என்று சினவாதீர்கள். அதில் இரு வழிகள் உண்டு.

ஒன்று விடுதி. வரவேற்பு மேசையிலோ உணவுக்கூடத்திலோ தொடங்குபவர், கணக்கும் ஆட்களை நடத்தும் திறமும் கைவந்தால் மேலாளராக உயரலாம்.

மற்றது வெளிக்களம். சபாவில், 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் ஏறுவோர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது கட்டாயம். முதலுதவியும் மீட்புப் பயிற்சியுமே வழிகாட்டிக்குக் கைமுதல். உடல் தளரும் வயதில் அவர் பயிற்சியாளராகலாம்; சொந்தமாகப் பயண நிறுவனமும் நடத்தலாம்.

ஆகவே, கட்டணம் செலுத்துமுன் மூன்றை விசாரியுங்கள்: விடுதியில் நேர்ப்பயிற்சி உண்டா? முதலுதவிச் சான்றிதழ் கிடைக்குமா? கணக்கியல் கற்பிக்கிறார்களா? வருவோரை முகமலர்ந்து வரவேற்கும் பாடத்தை மட்டும் உங்கள் கடையே கற்றுத்தந்துவிடும்.