மீனுக்கு முன்னே தொட்டி

மீன்தொட்டி அமைக்கும் நண்பர்கள் முதலில் மீனைத்தான் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், மீன் கடைசியாக வரவேண்டிய விருந்தாளி.

கற்களின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டேன். நுரைத்தது சுண்ணாம்புக்கல், நீரின் கடினத்தன்மையைக் கூட்டும் என்று ஒதுக்கினேன். கருங்கல் நுரைக்கவில்லை. ஆற்றோரம் கிடைத்த மரக்கட்டையை மூழ்கும்வரை ஊறவைத்தேன். டானின் கரைந்து நீர் தேநீர் நிறமாயிற்று (விடுதித் தேநீரைவிட அடர்த்தி!), மீனுக்கு அதனால் கேடில்லை. வாலிஸ்நேரியாவின் குருத்து மணலில் புதைந்தால் அழுகும். வேரை மட்டும் புதைக்கவேண்டும்.

புதுத் தொட்டியில் மீன்கள் சாவதற்குப் பெரும்பாலும் அவற்றின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவே காரணம். அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனி மட்டும் இட்டு வாருங்கள். பிறகு 2 மீன்களோடு தொடங்கலாம்.