எண்ணத்தக்கதா என்று கேள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் ஐந்து வகைகளையும் பள்ளியில் மனப்பாடமாகச் சொல்வாய். ஆனாலும் கல்லூரியில் எழுதிய முதல் கட்டுரையில் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்று எழுதி, இரண்டிலும் சிவப்பு மை விழுந்துவிட்டது என்று வருந்தியிருந்தாய். படித்தது ஏன் எழுதும்போது கைகொடுக்கவில்லை என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான்.

ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட் என்ற ஐந்தும் பொருளை வைத்துப் பிரித்த வகைகள். நன்னூல் பெயரைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பிரிப்பதும் அப்படித்தான். ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதை இவை காட்டும். பிழையின்றி வாக்கியம் அமைக்க இன்னொன்றும் தெரிய வேண்டும்.

தமிழில் அந்த வேலையைத் திணை செய்கிறது. மாணவன் வந்தான், மாடு வந்தது என்று யோசிக்காமலே சொல்லிவிடுகிறோம். ஆங்கில வினைக்குத் திணை பற்றிய கவலை இல்லை. இரண்டுக்கும் ‘கேம்’ போதும். ஆனால் அந்த மொழி ஒவ்வொரு பெயரைப் பற்றியும் வேறொன்றைக் கேட்கிறது: இது எண்ணத்தக்கதா, இல்லையா? கவுண்டபிள், அன்கவுண்டபிள் என்கிறார்களே, அதுதான். முன்னால் ‘எ’ அல்லது ‘ஆன்’ வருமா, பின்னால் ‘எஸ்’ சேருமா, ‘மெனி’யா ‘மச்’சா, ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்பதெல்லாம் இந்த ஒரு விடையைப் பொறுத்தே அமையும்.

பத்து தேங்காய் என்றாலும் பத்து தேங்காய்கள் என்றாலும் தமிழில் சரி. ஆங்கிலத்தில் பத்து என்று சொல்லிவிட்டால் ‘எஸ்’ கட்டாயம். அதே ஆங்கிலம், நாம் தாராளமாகத் தகவல்கள், அறிவுரைகள் என்று பன்மையில் சொல்பவற்றை எண்ண மறுக்கிறது. உன் பிழை இங்கேதான் பிறந்தது. தமிழில் யோசித்த மனம் தமிழ் வழியிலேயே பன்மை சேர்த்தது, அது அறியாமையல்ல.

பொருளைப் பார்த்து முடிவு செய்யாதே. நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ‘ஃபர்னிச்சர்’ என்ற சொல்லை எண்ண முடியாது. லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் மூன்றும் இதே இனம். எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’ என்று சொல். ‘நியூஸ்’ என்ற சொல் ‘எஸ்’ஸில் முடிந்தாலும் ‘இஸ்’தான் வரும். காவல் துறையினரைக் குறிக்கும் ‘போலீஸ்’ என்ற சொல்லில் ‘எஸ்’ சேராவிட்டாலும் ‘ஆர்’ வரும்.

ஒரே சொல் இரு பக்கமும் நிற்பதுண்டு. ‘அயர்ன்’ இரும்பு, ‘ஆன் அயர்ன்’ இஸ்திரிப் பெட்டி. ‘பேப்பர்’ காகிதம், ‘எ பேப்பர்’ செய்தித்தாள் அல்லது ஆய்வுக் கட்டுரை. வேலையில் பெற்ற அனுபவத்துக்கு ‘எக்ஸ்பீரியன்ஸ்’. வாழ்வில் நேர்ந்த நிகழ்வுகளுக்கு ‘எக்ஸ்பீரியன்சஸ்’. நாளை வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது இந்த வேறுபாடு உனக்கு உதவும்.

இதனால் ஐந்து வகைகளும் வீண் என்று நினைத்துவிடாதே. ப்ராப்பர் நவுன் என்று தெரிந்தால்தான் பெரிய எழுத்தில் தொடங்குவாய். தமிழ் எழுத்தில் பெரியது சிறியது இல்லாததால், கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்களில் நம் கை அதை மறந்துவிடும். கலெக்டிவ் நவுனில் ‘தி டீம் இஸ்’ என்பது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் ‘தி டீம் ஆர்’ என்றும் சொல்வார்கள். ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பின்பற்று.

எண்ணத்தக்கதா என்ற இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானிய மொழியிலும் பெயர்ச்சொல்லில் பன்மையைக் காட்டுவது கட்டாயமில்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, வேறு இருவருடன் சேர்ந்து மாணவர்களுக்காகவே ஓர் அகராதி தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அந்த அகராதி, எந்தப் பெயர் எண்ணத்தக்கது, எது அல்ல என்று குறித்துக் காட்டியது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை வெளியிட்டது. இன்று உன் கல்லூரி நூலகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இருந்தால், அது அதன் வழிவந்ததுதான். புதிய பெயர்ச்சொல் எதிர்ப்பட்டதும் அதில் ‘சி’ போட்டிருக்கிறதா ‘யு’ போட்டிருக்கிறதா என்று பார். இரண்டும் இருந்தால் எந்தப் பொருளுக்கு எது என்று படி. பிறகு அந்தச் சொல்லை வைத்து உன் சொந்த வாக்கியம் ஒன்றை நோட்டில் எழுது. சொல்லை மட்டும் எழுதி வைத்தால் மறந்துபோகும்; வாக்கியமாக எழுதினால் ‘எ’யும் ‘எஸ்’ஸும் அதனுடனேயே மனதில் பதியும்.

பிழை வந்துவிடுமோ என்று பயந்து எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. திருத்தியவர் உன் எழுத்தை அக்கறையோடு படித்திருக்கிறார். அந்தக் கட்டுரையை இந்த வாரமே மறுபடி எழுதி அவரிடம் காட்டு. எனக்கும் ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை