நில வரைபடத்துக்கான ட்ரோன் படங்கள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

நில வரைபடத்துக்காக ட்ரோனில் எடுக்கப்படும் படம் அளப்பதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பதால், தரையில் எவ்வளவு சிறிய பொருள் தெரியவேண்டும், அதன் இருப்பிடம் எத்தனை சென்டிமீட்டருக்குள் சரியாக அமையவேண்டும் என்பவற்றை முதலில் முடிவுசெய்துகொண்டு, பிற தேர்வுகளை அவற்றிலிருந்து வகுத்துக்கொள்வதே முறையாகும்.

ட்ரோன் வகை

பல சுழலிகள் கொண்ட ட்ரோன் நின்ற இடத்திலிருந்தே எழும்பித் தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கவல்லது. ஆதலால் குடியிருப்பு, கோயில் வளாகம், கல்குவாரி போன்ற சிறு பரப்புகளுக்கு அதுவே பொருந்தும். விமானம்போல் நிலையான இறக்கை கொண்ட வகை ஒரே மின்கலத்தில் அதைவிடப் பன்மடங்கு பரப்பைக் கடக்கும் என்றாலும், அதில் பெரும்பாலானவை ஏறி இறங்கத் திறந்தவெளி வேண்டுவதால், வயல்வெளிக்கும் ஆற்றுப்படுகைக்கும் ஏற்றது.

உயரமும் மேற்பொருந்தலும்

படத்தின் ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு நீளத்தைக் குறிக்கிறதோ, அதுவே தரைப் பிரிதிறன் எனப்படுகிறது. ஓர் அங்குல உணரியும் 2 கோடி பிக்சல்களும் கொண்ட, 24 மி.மீ. லென்சுக்கு இணையான கேமரா, 100 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 2.7 செ.மீ. பிரிதிறன் தரும், 50 மீட்டருக்கு இறங்கினால் நுணுக்கம் இருமடங்காகும், ஆனால் எடுக்கவேண்டிய படங்கள் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி கட்டுப்பாடு குறைந்த வான்பகுதியான பச்சை மண்டலத்தில், பொதுவாக 120 மீட்டர் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவாகிய மேற்பொருந்தல், பறக்கும் திசையில் 80 விழுக்காடும் பக்கவாட்டில் 70 விழுக்காடும் இருப்பது பொதுவாகப் போதும். மரங்களும் பயிரும் அடர்ந்த நிலத்தில் அதைக் கூட்டவேண்டும். தட்டையான நிலத்துக்குச் செங்குத்துப் படங்களே போதுமெனினும், கட்டடச் சுவர்களும் தேவைப்பட்டால் சாய்வுப் படங்களையும் சேர்க்கவேண்டும்.

ஷட்டரும் வெளிச்சமும்

உணரியை வரிவரியாகப் படிக்கும் மின்னணு ஷட்டர், ட்ரோன் நகரும்போது படத்தைக் கோணலாக்கும். முழுச் சட்டகத்தையும் ஒரே கணத்தில் பதியும் இயந்திர ஷட்டரில் இக்குறை இராது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 1/200 நொடி ஷட்டருக்குள் ட்ரோன் 5 செ.மீ. நகர்ந்து, மேற்சொன்ன பிரிதிறனில் ஏறத்தாழ இரண்டு பிக்சல் மங்கலை உண்டாக்கும். 1/1000 நொடியானால் நகர்வு 1 செ.மீ. மட்டுமே. நீண்ட நிழல் விழும் காலை மாலைப் பொழுதுகளைவிட, மேகம் சீராகப் படர்ந்த பகலோ நடுப்பகலோ சிறந்தது.

இருப்பிடத் துல்லியம்

சாதாரண ஜி.பி.எஸ். பதிவு சில மீட்டர் வரை பிசகக்கூடும். இதைத் திருத்த, நிலத்தில் குறியிட்டுத் துல்லியமாக அளக்கப்பட்ட தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைப் பயன்படுத்தலாம். அல்லது நிலையான தளக்கருவியின் திருத்தங்களைப் பறக்கும்போதே பெறும் ஆர்.டி.கே. முறையைக் கையாளலாம். முன்னது செலவு குறைந்தது, உழைப்பு மிகுந்தது. பின்னது விரைவானது என்றாலும் விலை கூடியது, தொடர்பு அறுந்தால் தடுமாறுவது.

ஆகவே, சிறு பரப்புக்குச் சுழலி ட்ரோன், இயந்திர ஷட்டர், நிலமெங்கும் பரவலாக அமைந்த ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்ற சேர்க்கையே சிக்கனமானது. நடந்து சென்று குறியிட இயலாத பெருநிலத்துக்கு ஆர்.டி.கே. கொண்ட இறக்கை வகையே தகும். எதைத் தேர்ந்தாலும், கணிப்பில் சேர்க்கப்படாத சில சோதனைப் புள்ளிகளை அளந்து வைத்து, வரைபடத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பிழையைச் சரிபார்த்த பின்னரே அதைப் பயன்படுத்தவேண்டும்.