அலமாரிக் கதவில் 110

கைலாசபுரம்,
ஆடி 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பதினெட்டாம் பெருக்கு அன்று அம்மா மண்டபத்திலிருந்து வந்து உன் அறைக்குள் நுழைந்தேனா, அலமாரிக் கதவில் சிவப்பு மையில் 110. உன் அப்பா பக்கத்தில் நின்றதால் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் வந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை.

கீழ்வீட்டு அக்கா எடுத்த மார்க் என்று பெரியம்மாவிடம் சொன்னாயாம். அவள் கிளாட் சட்ட நுழைவுத் தேர்வு எழுதியது 2022இல். அப்போது 150 கேள்வி. இப்போது 120தான். அவளுடைய 110, உன் தாளில் 88 ஆகும். அதுவும் வருடத்துக்கு வருடம் தாள் கடினமாகும், இளகும். இடம் கொடுப்பது ரேங்கைப் பார்த்து. யாரோ எடுத்த எண்ணை நீ எதற்குச் சுமக்கிறாய்?

மேசைமேல் உன் மாதிரித் தேர்வுத் தாள் கிடந்தது, பார்த்துவிட்டேன், கோபிக்காதே. 120க்கும் விடை குறித்திருக்கிறாய். 72 சரி, 48 தவறு. தவறுக்குக் கால் மார்க் வீதம் 12 போய், கையில் நின்றது 60. கடைசி இருபது நிமிடம் பத்தியைப் படிக்காமலே குத்தியிருக்கிறாய். அந்த 48இல் பாதியைத் தொடாமல் விட்டிருந்தாலே 66. அதுதான் அடுத்த குறி. நாலு தேர்வில் அது நிலைத்தபிறகு 70. சட்டப் பகுதியும் நடப்புச் செய்தியும் சேர்ந்தால் ஏறக்குறைய பாதித் தாள். கணக்கு பத்தில் ஒரு பங்கு. நீயோ விடிந்தால் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறாய்.

பாய்லரை ஹைட்ரோ டெஸ்டில் ஒன்றரை மடங்கு அழுத்தம் வரை ஏற்றுவோம். ஆனால் காற்றை வெளியேற்றி, தண்ணீரை நிரப்பி, படிப்படியாக. முப்பது வருடம் செய்த வேலை, அதனால் சொல்கிறேன்.

தாத்தா வாசல் கதவுக்குப் பின்னால் 295 என்று எழுதிவைத்த கதை உனக்குத் தெரியும். 300க்கு 295, மெடிக்கலுக்கு. உன் அப்பா எடுத்தது 281. கிடைக்கவிருந்த இன்ஜினியரிங் சீட்டை விட்டுவிட்டு, இம்ப்ரூவ்மெண்ட் என்று ஒரு வருடம் மாடியறையில். மறுவருடம் 276. அப்புறம் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. 281 எடுத்த பிள்ளையைத் தோற்றவனாக்கியது அந்தக் கதவுதான். உனக்குத் தெரியாத ஒன்று: சாக்பீஸ் வாங்கிவந்து கொடுத்தவன் நான்.

சட்டம் படிக்கப் பெங்களூரா, திருச்சியா என்பது முழுக்க உன் விருப்பம். நான் குறுக்கே நிற்கமாட்டேன். நவலூர்குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதே கிளாட்தான். ஞாயிறானால் பெரியம்மா சமையலுக்கு வந்துவிடலாம். அதுவும் அமையாவிட்டால் நம் ஊர் அரசு சட்டக் கல்லூரியில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கிறார்கள். பெங்களூரில் தண்ணீர்க் கஷ்டம் என்று வேறு சொல்கிறார்கள். முடிவு உன்னுடையது.

ரொம்பப் பேசிவிட்டேன். நம் வீட்டில் உன்னளவு புத்தி யாருக்கும் கிடையாது, எனக்குக் கொஞ்சமும் கவலையில்லை. உறையில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது, மாதிரித் தேர்வுக்குக் கட்டு. மிச்சத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடு. அந்த 110ஐயே எடுத்துக் காட்டினாயானால் பெங்களூருக்கு டிக்கெட் நானே எடுத்து, கூடவும் வருகிறேன்.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் மட்டும் காட்டாதே.

உன்,
பெரியப்பா